போனா, டொபியா, மடியா, கதையா: அடிபட்ட சின்னப் புள்ளைய ஆஸ்பத்திரியில எப்படி ஆத்துறது

எங்க அக்கா மகனுக்கு நாலு வயசு. போன மழைக்காலத்துல தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து (வரிசை வீட்டு) வாசல்ல ஓடிக்கிட்டு இருந்தவன் தண்ணி ஓடுற கான் ஓரத்துல வழுக்கி விழுந்து புருவத்துக்கு மேல கிழிஞ்சு ரத்தம் கண்ணு வழியா வடியுது. அக்கா மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தா, மச்சான் கொழும்புல, வீட்டுல நானும் எங்கம்மாவும் மட்டுந்தான். ஆட்டோவுக்கு போன் பண்ணிட்டு வாசல்ல நின்ன அந்த பத்து நிமிஷத்துல லயத்து ஆளுங்க ஆளுக்கொரு யோசன சொன்னாங்க பாருங்க, ஒருத்தங்க போன குடு கார்ட்டூன் போட்டு விடு எல்லாத்தையும் மறந்துருவான்ங்கிறாங்க, ஒருத்தங்க அவன் கையில டொபிய திணிக்கிறாங்க, கடைசி காம்பரா பாட்டி "ஊசியெல்லாம் போட மாட்டாங்க சாமி, டொக்டர் சும்மா பாத்துட்டு விட்டுருவாரு"ன்னு அவன்கிட்டயே சொல்லுது. எங்கம்மா ஒண்ணும் பேசாம அவன தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க.

நான் எட்டு வருஷம் பிள்ளைக் காம்பராவுல வேல பாத்தவ. கொழுந்து எடுக்கப் போற தாய்மாரு காலையில விட்டுட்டு போற புள்ளைங்கள நாள் முழுக்க பாத்துக்கிட்டவ, அதனால அடிபட்ட புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடுறது எனக்கு புதுசு இல்ல. அன்னைக்கு லயத்துல சொன்ன எல்லா வழியையும் ஏதாவது ஒரு புள்ளகிட்ட செஞ்சு பாத்திருக்கேன். எது எப்ப வேல செய்யும் எது காலை வாரி விடும்னு கேக்குற தாய்மாருக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதிட்டேன்.

மொதல்ல ஒண்ணு. வெளையாட்டு காட்டுறதுக்கு நேரமே இல்லாத சங்கதிகளும் இருக்கு. குளவி கொட்டி உதடு கண்ணெல்லாம் வீங்கி மூச்சு வாங்குது, வாந்தி எடுக்குது, புள்ள துவண்டு போகுதுன்னா கதையும் வேணாம் கார்ட்டூனும் வேணாம், உடனே 1990 நம்பருக்கு போன் அடிங்க. சுவசரிய ஆம்புலன்ஸ் 2016ல மேல், தென் மாகாணங்கள்ல ஆரம்பிச்சு அப்புறம் நாடு முழுக்க வந்துருச்சு, காசு கிடையாது, ஆனா நம்ம தோட்டத்து ரோட்டுக்கு அது ஏறி வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா இல்ல நாமளே புள்ளைய மெயின் ரோட்டுக்கு கொண்டு போயிரலாமான்னு போன்லயே கேட்டுருங்க. இன்னொண்ணு, வெளையாட்டு காட்டுறது வலி மருந்துக்கு பதிலா இல்ல. கை ஒடிஞ்ச புள்ளைக்கு எந்த கதையும் பத்தாது, எடைக்கு ஏத்த அளவுல பெனடோல் சிரப்பாவது குடுக்கலாமா, வேற ஏதும் வலி மருந்து இருக்கான்னு ஆஸ்பத்திரியில வாய விட்டு கேளுங்க. கேட்டா ஏசுவாங்களோன்னு நம்ம ஆளுங்க கம்முனு நிப்பாங்க, அது தப்பு.

இப்ப போனுக்கு வருவோம், ஏன்னா எல்லாரும் மொதல்ல கைய நீட்டுறது அதுக்குத்தான். நான் போனுக்கு எதிரி கிடையாது. ஊசி போடுற நேரத்துல புள்ளையோட கவனத்த வேற பக்கம் திருப்புனா வலி கொறையுதுன்னு நெறைய ஆராய்ச்சியில பாத்திருக்காங்க, வெறும் நம்ம நெனப்பு மட்டும் இல்ல. மூணு வயசுக்கு மேல உள்ள புள்ளைக்கு புடிச்ச ஒரு வீடியோ நல்லாவே வேல செய்யும். ஆனா நாம எப்ப குடுக்குறோம்ங்கிறதுல தான் கோட்ட விடுறோம். ஆட்டோவுல ஏறுனதும் குடுக்குறோம், ஓபிடி வரிசையில முக்கா மணி நேரம் பாக்குறான், ஈடியுவுக்குள்ள, அதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ள, போறப்ப அவனுக்கும் அலுத்துருச்சு போனுக்கும் சார்ஜ் இல்ல. சரியா அந்த நேரம்தான் மரப்பு ஊசி வருது. தையல் போடுறப்ப உண்மையிலேயே வலிக்கிறது அந்த மரப்பு ஊசிதான், மருந்து உள்ள போறப்ப எரியும், அதுக்கப்புறம் இழுக்குற மாதிரி தெரியுமே ஒழிய குத்துற வலி தெரியாது. அப்ப இருக்கிறதுலயே நல்ல சரக்க அந்த ரெண்டு நிமிஷத்துக்கு பொத்தி வைக்கணுமா இல்லையா?

அதோட நம்ம பக்கம் சிக்னலும் ஒரு பிரச்சன, ஒரு வளைவு திரும்புனா வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும், அழுற புள்ளைக்கு அத விட கோவம் வர்ற விஷயம் வேற இல்ல. ரெண்டு வீடியோவ முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. அப்புறம் தலையில அடிபட்ட புள்ளைக்கு போற வழியில நான் போன் குடுக்கவே மாட்டேன். போன பாத்துக்கிட்டு கம்முனு இருக்கானா, இல்ல மயங்கிக்கிட்டு வர்றானான்னு வித்தியாசம் தெரியாது. பேசிக்கிட்டே போனா, பதில் கொழறுனா கண்ணு சொருகுனா வாந்தி வந்தா ஒடனே கண்டுபிடிச்சுரலாம். அக்கா மகனுக்கு அன்னைக்கு போன் குடுக்காததுக்கு இதுதான் மொத காரணம், ரெண்டாவது காரணம் எனக்கே உள்ள போனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, அத பின்னாடி சொல்றேன்.

டொபி கதை சின்னது. அழுற வாய அடைக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா காயம் பெருசா இருந்தா, எலும்பு ஒடிஞ்ச மாதிரி தெரிஞ்சா வாயில எதையும் வைக்காதீங்க. மயக்க மருந்து குடுத்து செய்ய வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும், சாப்பாடுன்னா ஆறு மணி நேரம், தாய்ப்பால்னா நாலு மணி நேரம்னு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு டொபியால ஆபரேஷன் தியேட்டருக்கு போறது தள்ளிப்போச்சுன்னா அந்த புள்ள வலியோட கெடக்கும். டொக்டர் பாத்துட்டு குடுக்கலாம்னு சொன்னதுக்கு அப்புறம் தாராளமா குடுங்க, அழுத புள்ள வாயில போட்டு அடைச்சுக்காம பாத்துக்கோங்க.

ஆனா கைக்குழந்தைக்கு இனிப்பு வேற கணக்கு. பிறந்ததுல இருந்து கொஞ்ச மாசம் வரைக்கும் ஊசி போடுறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நாக்குல ரெண்டு மூணு சொட்டு சீனித் தண்ணி விட்டா வலிக்கு அழுறது கொறையும், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே செஞ்ச கரைசல் வச்சிருப்பாங்க. அத விட எனக்கு புடிச்சது தாய்ப்பால். ஊசிக்கு முன்னாடியே புள்ள குடிக்க ஆரம்பிச்சிருக்கணும், குத்துறப்பயும் குடிச்சுக்கிட்டே இருக்கணும், குத்துனதுக்கு அப்புறம் குடுத்தா அது சமாதானம் மட்டுந்தான். ரெண்டாம் மாசம் நாலாம் மாசம் கிளினிக் ஊசிக்கு போறப்ப மிட்வைப்கிட்ட கேட்டுட்டு இத செஞ்சு பாருங்க. தாய் பக்கத்துல இல்லாத புள்ளைக்கு தோலோட தோல் ஒட்டி தூக்கி வச்சுக்கிறது, சூப்ப ஏதாவது குடுக்கிறது, அவ்வளவுதான் நம்மால முடியும். தாய் மலையில இருக்கிறப்ப பிள்ளைக் காம்பராவுல எத்தன தடவ நான் அந்த நெலமையில நின்னிருக்கேன்.

கடைசி காம்பரா பாட்டியோட வழிய, அதான் பொய்ய, நான் எல்லாத்துக்கும் அடியில போடுறேன். பாட்டி மேல கோவம் இல்ல, நம்ம ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் வளந்தோம். ஆனா யோசிச்சு பாருங்க, வலிக்காதுன்னு சொன்னீங்க, வலிச்சுது. அடுத்த தடவ நீங்க சொல்ற எதையும் அவன் ஏன் நம்பணும்? அதுவும் நாய் கடிச்ச புள்ளைக்கு ஒரு நாளோட முடியாது, திரும்பத் திரும்ப ஊசிக்கு போகணும், மொத நாள் ஏமாத்துனா ரெண்டாவது நாள் ஆட்டோவுக்குள்ளயே ஏற மாட்டான். எங்க காம்பராவுல ஒரு பொண்ணு அப்பிடித்தான், ஆஸ்பத்திரி கேட்ட பாத்ததுமே ஆட்டோ கம்பிய புடிச்சுக்கிட்டு விடல, மூணு பேரு சேர்ந்து விரல பிரிச்சோம், எனக்கு இன்னும் அது மறக்கல. இதுல இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கு, வீட்டுல சேட்ட பண்ணா "மிஸ்கிட்ட சொல்லி ஊசி போட சொல்லுவேன்"னு மெரட்டுறது. அப்புறம் அந்த நர்ஸ் மிஸ் பக்கத்துல வந்தா புள்ள ஏன் கத்துதுன்னு கேக்குறோம்.

பொய் சொல்லாம என்னதான் சொல்றது? "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள கொறஞ்சிரும், நான் ஒன் கைய புடிச்சுக்கிட்டே இருப்பேன்." அவ்வளவு போதும். அதையும் நாலஞ்சு வயசு புள்ளைக்கு கொஞ்சம் முன்னாடிதான் சொல்லணும், ராத்திரியே சொல்லி வச்சா விடிய விடிய பயந்துக்கிட்டு கெடக்கும். இன்னொண்ணு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல பயப்படாத"ன்னு திரும்பத் திரும்ப சொல்ற தாய் தகப்பன்மாரோட புள்ளைங்க கூடுதலா அழுறாங்கன்னு ஆராய்ச்சி செஞ்சவங்க சொல்றாங்க. யோசிச்சா சரிதான், நாம எப்ப ஒண்ணுமில்லன்னு சொல்லுவோம்? ஏதாவது இருக்கிறப்பதானே. புள்ளைக்கு அது தெரியாதா என்ன.

மடியா, படுக்க வச்சு அமுக்கிப் புடிக்கிறதா, இதுல பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான் முடிவு எடுக்கும்னு நெனச்சுக்கிட்டு நாம கேக்குறதே இல்ல. கையில ஊசின்னா, ரத்தம் எடுக்கன்னா, மருந்து ஏத்துற கெனுலா போடன்னா, புள்ளைய நெஞ்சோட நெஞ்சு பாத்து மடியில ஒக்கார வச்சு கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரு கைய மட்டும் வெளிய நீட்டிக் குடுக்கலாம். மல்லாக்கப் படுக்க வச்சு நாலு பேரு அமுக்குறத விட ஒக்காந்து இருக்கிற புள்ள கொறைவா பயப்படும், அழுகையும் கொறையும், கையும் ஆடாது. "மிஸ், மடியில வச்சுக்கவா"ன்னு கேட்டுப் பாருங்க, என் அனுபவத்துல பாதிக்கு மேல சரின்னுதான் சொல்லியிருக்காங்க. ஆனா மூஞ்சில தையல்னா மடி சரிவராது, படுக்க வச்சு பெட்சீட்டால சுத்தித்தான் போடுவாங்க, கொஞ்சம் அசைஞ்சாலும் கண்ணுக்கு ஆபத்து. அப்ப சண்ட போடாதீங்க. தல பக்கம் யாரு நிக்கிறதுங்கிறத மட்டும் நாம முடிவு பண்ணணும். ரத்தத்த பாத்தா மயங்குற ஆள், தேம்பி அழுற ஆள் வேணாம், அது பெத்த தாயாவே இருந்தாலும். அன்னைக்கு மலையில இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த எங்கக்காவ நான் வெளிய நிக்க சொன்னதுக்கு ரெண்டு நாளு என்கூட பேசல.

இதுல நம்ம பக்கத்துக்குன்னே ஒரு சிக்கல், பாஷை. நர்ஸ் மிஸ், டொக்டர் சிங்களத்துல பேசுவாங்க, தோட்டத்து சின்னப் புள்ளைக்கு ஒண்ணும் வெளங்காது, தெரியாத ஆள் தெரியாத பாஷையில கத்தியோட நிக்கிற மாதிரி இருக்கும் அதுக்கு. "பய வென்ன எபா"ன்னா பயப்படாத, "டிக்கக் ரிதெய்"ன்னா கொஞ்சம் வலிக்கும், "இவராய்"ன்னா முடிஞ்சுது. இந்த மூணையும் வெளிய காத்திருக்கிறப்பவே புள்ளைக்கு சொல்லிக் குடுத்துருவேன், ஒரு வெளையாட்டு மாதிரி. மிஸ் "இவராய் புத்தே"ன்னு சொல்றப்ப அவனுக்கே வெளங்கிரும், மிஸ்சுக்கும் முகம் மலந்துரும். இதுக்கு சார்ஜ் வேணாம் சிக்னல் வேணாம்.

இப்ப அன்னைக்கு ஈடியுவுக்குள்ள நடந்தது. கட்டில்ல படுக்க வச்சாங்க, பெட்சீட்ட சுத்துனாங்க, நான் ஒரு கையில போன எடுத்து வீடியோவ போட ரெடியா நிக்கிறேன், டொக்டர் நடுவுல ஓட்ட வச்ச ஒரு பச்சத் துணிய எடுத்து அவன் மூஞ்சிக்கு மேல போட்டுட்டாரு. போச்சு. புருவத்துல தையல்னா கண்ணு மறைஞ்சிரும்ங்கிறது எனக்கு தோணவே இல்ல, டவுன்லோட் பண்ண ரெண்டு வீடியோவும் பாக்கெட்டுக்குள்ள. துணிக்கு அடியில அவன் "சித்தி சித்தி"ன்னு கத்த ஆரம்பிச்சுட்டான். என்கிட்ட மிச்சம் இருந்தது வாய் மட்டுந்தான்.

எங்க வீட்டுல இருந்து பாத்தா கீழ ரயில் ரோட்டு தெரியும், பதுளைக்கு போற கோச்சிக்கு அவன் தெனமும் கைய காட்டுவான். சட்டுனு வந்துச்சு, "டேய் கோச்சி ஹட்டன விட்டு கெளம்பிருச்சு, இப்ப சிங்கமலை சுரங்கம் வந்துருச்சு பாத்தியா, அதான் இருட்டு"ன்னேன். கத்தல் நின்னுச்சு. சிங்கமலை சுரங்கந்தான் நம்ம மலைநாட்டு ரயில் ரோட்டுலயே நீளமான சுரங்கம், ஐந்நூறு மீட்டருக்கு மேல, உள்ள போனா எல்லா புள்ளைங்களும் ஊன்னு கத்துங்க. "சுரங்கத்துக்குள்ள இப்ப சுருக்குன்னு ஒரு எறும்பு கடிக்கும், கொஞ்சம் எரியும், கோச்சி மாதிரி நீளமா கூ ஊது, சுரங்கம் முடியிற வரைக்கும் ஊது"ன்னேன். ஊசி உள்ள போச்சு. அழுதான், அழாம இல்ல, ஆனா அழுதுக்கிட்டே ஊதுனான். அந்த ஊதுறதுதான் சூட்சுமம், மூச்ச நீளமா வெளிய விடுறப்ப ஒடம்பு தானா தளரும், பப்பிள்ஸ் ஊத வைக்கிறதும் காத்தாடி ஊத வைக்கிறதும் இதே வேலதான். கீழ்மலைப் பக்கம் பப்பாசி எல தண்டுல சவுக்காரத் தண்ணிய முக்கி ஊதுவோமே, அதையே செய்யலாம், எங்க ஒசரத்துக்கு பப்பாசி கெடைக்காது.

அப்புறம் நாலு தையல். மொதல் தையலுக்கு கொட்டகலை, ரெண்டாவதுக்கு தலவாக்கலை, அப்புறம் வட்டகொடை, கடைசிக்கு கிரேட் வெஸ்டர்ன். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் யாரு ஏறுறா, என்ன விக்கிறாங்கன்னு அவன்கிட்டயே கேட்டேன், வடைன்னான், கச்சான்ன்னான், தலவாக்கலையில அம்மா ஏறுறாங்கன்னான். மூணாவது தையலுக்கு டொக்டரே "தென் வட்டகொட"ன்னாரு. இன்னும் எத்தன ஸ்டேஷன் பாக்கின்னு புள்ளைக்கு தெரியுது பாருங்க, அதுதான் போன்ல கெடைக்காத சங்கதி. வீடியோ ஓடிக்கிட்டே இருக்கும், வலி எப்ப முடியும்னு அது சொல்லாது.

ஆனா இந்த கதை வேல எல்லாருக்கும் பொருந்தாது. ரெண்டு வயசு புள்ளைக்கு ஸ்டேஷன் பேரு சொன்னா என்ன வெளங்கும், அதுக்கு உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு விரல் விரலா சோறு ஊட்டி நண்டு மாதிரி கக்கம் வரைக்கும் ஊந்து போறதுதான் சரி, அடிபடாத கையில. மிஸ்மாரு கையுறைய ஊதி சேவல் செஞ்சு குடுப்பாங்க, சிரிக்கும், ஆனா வெடிச்ச துண்டு தொண்டையில சிக்கும்ங்கிறதால சின்னதுங்க கையில விட்டுட்டு திரும்பிறாதீங்க. ஏழு எட்டு வயசுக்கு மேலன்னா சிலதுங்க வேடிக்கையே வேணாம், என்ன செய்றீங்கன்னு பாக்கணும்ங்கும், பாக்கட்டும் விடுங்க.

எந்த வழியும் தோக்குற ஒரு எடம் சுடுதண்ணி. கொதிக்கிற பிளேன்டீ மேல கொட்டிக்கிட்ட புள்ளைய இருபது நிமிஷம் ஓடுற தண்ணியில வைக்கணும், பற்பசை பூசுறதெல்லாம் கூடாது. நம்ம பீலித் தண்ணி எப்பிடி குளிரும்னு சொல்ல வேணாம், புள்ள ரெண்டாவது நிமிஷத்துலயே வெறைச்சு கத்தும், பாவம் பாத்து நாமளும் எடுத்துருவோம். எடுக்கக் கூடாது. சுட்ட எடத்துல மட்டும் தண்ணி, மத்த ஒடம்ப கம்பளியால போர்த்தி ஒருத்தங்க மடியில வச்சுக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாறி மாறி வேற வேற வேடிக்கை காட்டணும். இங்க போன் குடுத்தாலும் தப்பில்ல, நானே குடுத்திருக்கேன், தண்ணி படாம ஒருத்தங்க புடிச்சுக்கிட்டா போதும். வழியில தண்ணி கெடைக்கலன்னாலும் மூணு மணி நேரத்துக்குள்ள எப்ப கெடைச்சாலும் இருபது நிமிஷம் வைங்க, பிரயோசனம் இருக்கு. வெறைச்சு நடுங்குற கைக்குழந்தையா இருந்தா மட்டும் நிறுத்தி சூடாக்கணும்.

பேச்சு வராத புள்ளைக்கு நம்ம வேடிக்கை பத்துதா, மருந்து வேணுமான்னு எப்பிடி தெரியும்னு கேப்பீங்க. மொகம், கால், ஒடம்பு அசையிற விதம், அழுகை, தூக்குனா அடங்குதா, இந்த அஞ்சையும் பாத்து ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 2 வரைக்கும் புள்ளி போட்டு பத்துக்கு கணக்கு பாக்குற ஒரு முறை ஆஸ்பத்திரிகள்ல இருக்கு. நாம புள்ளியெல்லாம் போட வேணாம். தூக்கியும் அடங்கல, கால மடக்கி மடக்கி ஒதைக்குது, மொகம் சுருங்கியே இருக்குன்னா வேடிக்கைய நிறுத்திட்டு டொக்டர கூப்புடுங்க.

அஞ்சாம் நாள் தையல் பிரிக்க போனோம். அக்காவும் வந்தா, இந்த தடவ உள்ளயே நின்னா. கட்டில்ல ஏறி அவனா படுத்துக்கிட்டு "சித்தி, ரதல்லையும் நானுஓயாவும் இன்னும் வரல"ன்னான்.